ஒரே குரல்கள்: பொட்காஸ்ட் விருந்தினர்கள் ஏன் மாறுவதில்லை?

பொட்காஸ்ட் கேட்பது எனக்கு ஏழெட்டு வருடப் பழக்கம். காலையில் நடக்கப் போகும்போது காதில் ஒன்றை மாட்டிக்கொள்வேன். ஐம்பதைத் தாண்டியதும் தூக்கம் குறைந்துபோனதால், தூக்கத்தைப் பற்றிய நிகழ்ச்சிகளைத் தேடிக் கேட்கத் தொடங்கினேன். எந்த நிகழ்ச்சியைத் திறந்தாலும் பெரும்பாலும் ஒரே மனிதரிடத்தில்தான் போய் நின்றேன். அவர் மத்தியூ வோக்கர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் நரம்பியல், உளவியல் பேராசிரியர். 2017இல் வெளிவந்த ‘வை வீ ஸ்லீப்’ என்ற நூலின் ஆசிரியர்.

2018இல் அவர் ஜோ ரோகனின் நிகழ்ச்சிக்கு வந்தார். 2019இல் ரோண்டா பட்ரிக் என்ற விஞ்ஞானியின் நிகழ்ச்சிக்கும், பீட்டர் அட்டியா என்ற மருத்துவரின் நிகழ்ச்சிக்கும் வந்தார். அட்டியாவோடு நடந்த உரையாடல் மட்டும் மூன்று பாகம். 2021இல் ஸ்டான்போர்ட் பேராசிரியர் அன்ட்ரூ ஹியூபர்மனின் நிகழ்ச்சியில் கதைத்தார். 2024இல் அதே நிகழ்ச்சியில் தூக்கம் பற்றி ஆறு பாகத் தொடர் ஒன்று வந்தது, அதிலும் அவரே விருந்தினர். இடையில் தனக்கென்று ஒரு பொட்காஸ்ட்டையும் தொடங்கிவிட்டார்.

“வாப்பா, ஒங்கட பொட்காஸ்ட்ல வேற ஆக்களே இல்லயா? எப்ப பார்த்தாலும் இந்த மனிசன்தானே கதைக்கிறாரு” என்று ஒரு நாள் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. உலகத்தில் தூக்கத்தை ஆராய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதற்கென்றே தனிச் சஞ்சிகைகள், சங்கங்கள், வருடாந்த மாநாடுகள் எல்லாம் உண்டு. அப்படியிருக்க எல்லோரும் ஏன் ஒருவரையே கூப்பிடுகிறார்கள்?

நண்பர்களிடம் கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். ஒன்று, எல்லாரும் கூட்டாளிகள், ஒருவருக்கொருவர் மேடை கொடுக்கிறார்கள் என்பது. மற்றது, நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்குச் சோம்பல் என்பது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒருவரையொருவர் கலந்து பேசாத, வெவ்வேறு ஊர்களில் இருக்கிற, நன்றாகவே உழைக்கிற நடத்துநர்கள் தனித்தனியாகத் தேடியும் ஏன் அதே ஆளிடம் வந்து சேருகிறார்கள் என்பதை இந்தப் பதில்கள் விளக்கவில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

‘பொட்காஸ்டிங்’ என்ற சொல் 2004 பெப்ரவரியில் பிரித்தானியாவின் ‘கார்டியன்’ பத்திரிகையில் பென் ஹமர்ஸ்லி எழுதிய கட்டுரையொன்றில் முதன்முதலாக வந்தது. 2005 ஜூனில் அப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் பொட்காஸ்ட்டுகளுக்கு இடம் கொடுத்தது. அதே வருடம் நியூ ஒக்ஸ்போர்ட் அமெரிக்கன் அகராதி அதை ஆண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தது. அந்த நாட்களில் இருந்த எதிர்பார்ப்பு இதுதான்: இனி வானொலி நிலையத்தின் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை, யாரும் பேசலாம், யாரையும் பேச வைக்கலாம். முதல் பாதி நடந்தது. யாரும் பேசலாம் என்பது உண்மையாகிவிட்டது. யாரையும் பேச வைக்கலாம் என்ற பகுதிதான் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை.

இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு வானொலி நிலையத்தில் தயாரிப்பாளர் என்று ஒருவர் இருப்பார். ஆள் தேடுவது, வரவழைப்பது, பேசத் தெரியாதவரைப் பேச வைப்பது எல்லாம் அவர் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை. சிறிய விடயம் ஒன்றை மட்டும் பேசுகிற பொட்காஸ்ட்டில் (பழைய நாணயம், தேனீ வளர்ப்பு, தூக்கம், சதுரங்கம், எதுவாகவும் இருக்கட்டும்) அப்படி ஒருவர் இல்லை. நடத்துநர்தான் தயாரிப்பாளர், அவரேதான் ஒலிப்பதிவாளர், அவரேதான் விளம்பரக்காரர். பகலில் வேறு தொழில். வாரத்தில் அவருக்குக் கிடைப்பது இரண்டு இரவுகள். அடுத்த வாரத்துக்குள் ஒரு நிகழ்ச்சி வெளிவந்தாக வேண்டும்.

அந்த இரண்டு இரவுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டிய முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. தான் அழைக்கப்போகிற ஆளுக்கு ஒரு மணி நேரம், சில நேரம் மூன்று மணி நேரம், கேட்கிறவர் எழுந்து போகாமல் கதைக்க வருமா? நல்ல ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவருக்கெல்லாம் நன்றாகப் பேச வரும் என்றில்லை. இதைப் பல்கலைக்கழகத்தில் படித்த யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. ஒருவர் நன்றாகப் பேசுவாரா என்பதை அறிய நடத்துநருக்கு இருக்கிற ஒரே வழி, அவர் ஏற்கெனவே எங்கேயாவது பேசியதைக் கேட்டுப் பார்ப்பது. ஏற்கெனவே பேசியவர்தான் கேட்டுப் பார்க்கக் கிடைப்பார். பேசாதவர் கிடைக்க மாட்டார். முதல் அழைப்பு இரண்டாவதைக் கொண்டுவருகிறது, இரண்டாவது பத்தாவதைக் கொண்டுவருகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை.

இதற்கு மேல் இன்னொரு விடயம் சேர்கிறது. எழுத்தைத் தேடலாம், ஒலியைத் தேடுவது கஷ்டம். ஒரு கட்டுரைக்குள் இருக்கிற நல்ல வரி ஒன்றை கூகுள் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஒரு மணி நேர உரையாடலின் நாற்பதாவது நிமிடத்தில் சொல்லப்பட்ட அருமையான விடயம் ஒன்று, யாராவது எழுதி வைத்தாலொழிய, பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். எனவே புதிய கேட்போர் ஒரு சிறிய நிகழ்ச்சியிடம் வருவதற்கு இருக்கிற முக்கியமான கதவு அதன் தலைப்பு. தலைப்பில் மக்கள் ஏற்கெனவே தேடுகிற பெயர் ஒன்று இருந்தால் கதவு திறக்கும். யூடியூப்பிலும் இதே கதைதான். ஒருவருடைய உரையைப் பார்த்து முடித்ததும், அதே ஆளின் இன்னொரு உரையை அது கொண்டுவந்து முன்னால் வைக்கும். ஒரு சிறிய நடத்துநர் பிரபலமானவரை அழைப்பது, அவருக்கு மேடை கொடுப்பதற்காக என்பதை விட, அவருடைய பெயரில் ஒரு மாதத்துக்கு வாசல் திறந்து வைப்பதற்காக என்பதே சரி.

இந்தச் சுழற்சிக்குச் சமூகவியலில் பழைய பெயர் ஒன்று உண்டு. 1968இல் ரொபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ‘மத்தேயு விளைவு’ பற்றி எழுதினார். உள்ளவனுக்கு மேலும் கொடுக்கப்படும் என்ற கருத்தில் பைபிளின் மத்தேயு நூலில் வருகிற இடத்தை வைத்து அந்தப் பெயர். இரண்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தால், ஏற்கெனவே பேர் எடுத்தவருக்கே பாராட்டுப் போய்ச் சேருகிறது என்பதுதான் அவர் சொன்ன விடயம். அந்தக் கட்டுரைக்கு அடிப்படையாக இருந்தவை ஹாரியட் சக்கர்மன் என்ற பெண் ஆய்வாளர் நோபல் பரிசு பெற்றவர்களோடு நடத்திய நேர்காணல்கள். கட்டுரையில் ஆசிரியர் பெயராக இருந்தது மெர்ட்டனுடையது மட்டும். கட்டுரையை இரண்டு பேர் பெயரிலும் போட்டிருக்க வேண்டும் என்று மெர்ட்டனே பிற்காலத்தில் எழுதினார். தான் சொல்ல வந்த விடயத்துக்குத் தானே உதாரணமாகிப்போன கட்டுரை அது!

தகுதி உள்ளவர்தானே மேலே வருகிறார், அதில் என்ன பிழை என்று கேட்கலாம். இந்த இடத்தில் 2006இல் அதே ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்த ஒரு பரிசோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மத்தியூ சல்கானிக், பீட்டர் டொட்ஸ், டங்கன் வொட்ஸ் என்ற மூவர் இணையத்தில் ஒரு பாட்டுச் சந்தையை உண்டாக்கினார்கள். யாரும் அறியாத குழுக்களின் 48 பாடல்கள். கலந்துகொண்டவர்கள் 14,000க்கும் அதிகம். ஒரு பகுதியினருக்குப் பாடல்களின் பெயர்கள் மட்டும் காட்டப்பட்டன. அவர்கள் தாங்களாகவே கேட்டு, பிடித்ததை இறக்கிக்கொண்டார்கள். மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் ஒவ்வொரு பாட்டையும் இதுவரை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எட்டு உலகங்களிலும் இருந்தவை அதே 48 பாட்டுகள்தான்.

எண்ணிக்கையைப் பார்த்தவர்களின் உலகங்களில் பிரபலமான பாட்டுக்கும் பிரபலமாகாத பாட்டுக்கும் இடையிலான தூரம் பல மடங்கு விரிந்தது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது என்னவென்றால், எந்தப் பாட்டு முதலாவதாக வரும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. தனியாகக் கேட்டவர்களின் தெரிவில் 26ஆம் இடத்தில், சரி நடுவில், இருந்த ஒரு பாட்டு ஓர் உலகத்தில் முதலாம் இடத்துக்கு வந்தது. இன்னோர் உலகத்தில் 40ஆம் இடத்துக்குப் போனது. மிக நல்ல பாட்டு அடியில் கிடந்தது குறைவு, மிக மோசமான பாட்டு உச்சிக்குப் போனதும் குறைவு. இடையில் இருந்தவற்றின் தலையெழுத்தைத் தீர்மானித்தது ஆரம்பத்தில் யாரோ சிலர் எதைச் சொடுக்கினார்கள் என்பதுதான்.

விருந்தினர்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். வோக்கர் மோசமான பேச்சாளரல்லர். அந்த ஆங்கிலக் குரலும் நிதானமும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவரளவு, அல்லது அவரைவிட, நன்றாகச் சொல்லக்கூடிய இருபது பேர் அந்தத் துறையில் இருந்திருக்கலாம். ஆரம்பத்தில் கிடைத்த சில அழைப்புகளுக்குப் பிறகு அவர்களைத் தேடுவதற்கு யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இதுவரை கூப்பிடுகிறவரின் பக்கத்தைச் சொன்னேன். வருகிறவரின் பக்கமும் இருக்கிறது, அது அவ்வளவு அப்பாவித்தனமானதல்ல. ஆங்கிலத்தில் புதிய புத்தகம் வெளிவரும்போது, பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவு நூலாசிரியரைப் பொட்காஸ்ட்டுகளுக்கு அனுப்புவது இப்போது சாதாரண நடைமுறை. முன்பு நகரம் நகரமாகப் புத்தகக் கடைக்குப் போனவர்கள் இப்போது வீட்டில் இருந்தபடி மைக் முன்னால் உட்காருகிறார்கள். ஒரே மாதத்தில் ஒரே ஆள் பத்து இடங்களில் தோன்றுகிறார் என்றால், பெரும்பாலும் அந்த மாதத்தில் அவருடைய புத்தகம் ஒன்று வந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நடத்துநருக்கும் இது வசதிதான். விருந்தினர் தானாக வருகிறார், கேள்விகளைக்கூடப் பதிப்பகமே அனுப்பிவைக்கும். விருந்தினர்களையும் நடத்துநர்களையும் இணைத்துவிடுவதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. சில நிகழ்ச்சிகளில் விருந்தினராக வர 50,000 டொலர் வரை கொடுக்கப்படுகிறது என்று 2022இல் புளூம்பர்க் செய்தி வெளியிட்டது. கேட்கிறவருக்கு அது சொல்லப்படாவிட்டால், அதற்கு என்ன பெயர் வைப்பது என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இளம் ஆய்வாளர் ஒருவரை எடுத்துப் பாருங்கள். அவருக்கு விளம்பரப் பிரிவு இல்லை. பொட்காஸ்ட்டில் கதைத்தால் பதவி உயர்வுக்குப் புள்ளி கிடைக்காது. வாய் தவறி ஒன்றைச் சொன்னால் மேற்பார்வையாளர் என்ன நினைப்பாரோ என்ற பயம் வேறு. ஆங்கிலம் தாய்மொழியில்லாதவராக இருந்தால், உரையாடலில் தடுமாறுவோமோ என்ற கூச்சமும் சேரும். அழைப்பு வந்தாலும் “பிறகு பார்ப்போம்” என்பார். பழக்கப்பட்டவரோ அன்றைக்கே “சரி” என்று பதில் போட்டுவிடுவார்.

சரி, இதனால் யாருக்கு என்ன நட்டம்? கேட்பதற்கு நன்றாக இருந்தால் போதாதா? எனக்கு உண்மையில் கவலை தருகிற இடம் இதுதான்.

2019 நவம்பரில் அலெக்ஸி குசே என்ற சுயாதீன ஆய்வாளர் வோக்கரின் நூலின் முதலாவது அத்தியாயத்தில் இருக்கிற தரவுப் பிழைகளைப் பற்றி நீண்ட கட்டுரையொன்றை எழுதி வெளியிட்டார். நூலில் இருந்த ஒரு வரைபடமும் விவாதத்துக்கு வந்தது. இளம் விளையாட்டு வீரர்கள் எத்தனை மணி நேரம் தூங்கினால் எவ்வளவு காயப்படுகிறார்கள் என்று காட்டும் படம் அது. மூல ஆய்வில் ஐந்து மணி நேரம் தூங்கியவர்களுக்கு ஒரு தூண் இருந்தது. அவர்கள் ஆறு மணி நேரம் தூங்கியவர்களை விடக் குறைவாகவே காயப்பட்டிருந்தார்கள். நூலில் வந்த படத்தில் அந்தத் தூண் இல்லை. கொலம்பியாப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் அன்ட்ரூ கெல்மன் இதைக் கடுமையாகவே எழுதினார். வோக்கரும் சில கேள்விகளுக்குப் பதில் எழுதினார். இதனால் அவர் சொல்வதெல்லாம் பிழை என்று ஆகிவிடாது. தூக்கம் உடம்புக்கு அவசியம் என்பதை அந்தத் துறையில் யாரும் மறுக்கவில்லை. நான் சொல்ல வருவது வேறு. நூலின் செய்தி காதுவழியாகக் கோடிக்கணக்கானோரிடம் போனது. விமர்சனம் எழுத்தாக, தேடிப் படிக்கிறவர்களிடம் மட்டும் போனது. விமர்சனம் எழுதியவர்களை அதே நிகழ்ச்சிகள் அந்த அளவுக்கு அழைக்கவில்லை. விருந்தினரைக் குறுக்கு விசாரணை செய்வது பொட்காஸ்ட்டின் மரபும் இல்லை. வந்தவரைச் சங்கடப்படுத்தினால் அடுத்தவர் வரமாட்டார் என்று நடத்துநருக்குத் தெரியும்.

கேட்கிறவருடைய மனதில் நடப்பது இதைவிட நுட்பமானது. ஒரே விடயத்தை ஐந்து நிகழ்ச்சிகளில் கேட்டவர், ஐந்து பேர் அதை உறுதிப்படுத்தியதாக உணர்கிறார். நிகழ்ச்சிகள் ஐந்துதான், சாட்சி ஒன்று. ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது புதிய விடயமல்ல. நிய்யத் பற்றிய பிரபலமான ஹதீஸை எடுத்துக்கொள்ளுங்கள். யஹ்யா இப்னு ஸஈத் அல்அன்ஸாரியிடமிருந்து அதைக் கேட்டு அறிவித்தவர்கள் ஏராளம். ஆனால் அவருக்கு மேலே போனால் முஹம்மத் இப்னு இப்றாஹீம் அத்தைமீ ஒருவர், அவருக்கு மேலே அல்கமா ஒருவர், அவருக்கு மேலே உமர் (ரழி) ஒருவர். கீழே எத்தனை கிளை விரிந்திருந்தும், அந்த எண்ணிக்கையை வைத்து முஹத்திஸ்கள் அதை முதவாதிர் ஆக்கிவிடவில்லை. மேலே உள்ள ஒவ்வொருவருடைய நம்பகத்தையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் ஸஹீஹ் என்றார்கள். கிளைகளை எண்ணாதே, எங்கே ஒன்று சேருகிறது என்று பார் என்கிற அந்தப் பழக்கம் இன்றைக்குக் காதில் வயரை மாட்டிக்கொண்டு திரிகிறவர்களுக்கும் தேவைப்படுகிறது.

இன்னொரு நட்டமும் உண்டு. ஒரே கதையை நூறு முறை சொன்னவர், நூற்றியோராவது முறை அதை யோசித்துச் சொல்வதில்லை. எந்த இடத்தில் சிரிப்பு வரும், எந்த இடத்தில் நடத்துநர் “அப்படியா!” என்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கேள்வி வேறாக இருந்தாலும் பதில் பழைய வழியில்தான் ஓடும். தொடர்ந்து கேட்கிற நமக்கு இது சீக்கிரமே பிடிபட்டுவிடும். சில நேரம் விருந்தினர் வாயைத் திறக்க முன் அடுத்த உதாரணத்தை நான் சொல்லிவிடுவேன்.

இதையெல்லாம் தூரத்தில் இருக்கிறவர்களின் விடயமாக மட்டும் நான் எழுதவில்லை. எங்கள் பகுதியில் சில இளைஞர்கள் சேர்ந்து, ஊர்த் தொழில்கள் பற்றியும் பழைய ஆட்கள் பற்றியும் ஒரு சிறிய ஒலித்தொடர் செய்கிறார்கள். ஆள் தேடிக் கொடுப்பதும் வயதானவர்களிடம் அறிமுகப்படுத்துவதும் என் பங்கு. முதல் எட்டு நிகழ்ச்சிகளில் ஐந்தை நிரப்பியவர்கள் மூன்றே பேர். நம்மூர் நூல் வெளியீட்டு அழைப்பிதழ்களில் ‘பிரதம அதிதி’, ‘விசேட அதிதி’, ‘நயவுரை’ என்று இடம் மாறி மாறி வருகிற பெயர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதே ஆட்கள்தான். அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். அமைதியான அறை இருக்கிறது, நல்ல மைக் இருக்கிறது, நாற்பது நிமிடம் என்றால் நாற்பதாவது நிமிடத்தில் முடித்துத் தருவார்கள். வெட்டி ஒட்டுகிற வேலை ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அடுத்ததாக மருதமுனையில் ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கைத்தறியில் இருந்த ஒரு மூத்தம்மாவைக் கேட்கலாம் என்று போனோம். முதல் நாள், “எனக்கென்ன மனே தெரியும், படிச்ச ஆக்களக் கேளுங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் தேத்தண்ணி கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்க, மெல்லக் கதைக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், கோழிச் சத்தம், இடையில் தொழுகைக்கு எழும்பியது என்று ஒன்றரை மணி நேரப் பதிவு. அதை இருபத்தைந்து நிமிடமாக்க ஒரு தம்பிக்கு நான்கு இரவு பிடித்தது. சாயம் காய்ச்சுகிற நாளில் வானத்தைப் பார்த்து நேரம் குறித்த விதம், பாவு சிக்கினால் யார் வீட்டில் ஆள் கூப்பிடுவது என்ற கணக்கு, கடனுக்குக் கொண்டுபோன துணிக்குக் காசு வராத வருடம் குடும்பம் என்ன சாப்பிட்டது என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கிறது. மேடைகளில் ‘நெசவுப் பாரம்பரியம்’ என்று கதைக்கிற எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

அந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்த்தால், இன்றுவரை அது ஒரு பேராசிரியரின் நிகழ்ச்சியில் பாதியைக்கூடத் தொடவில்லை. யாரும் அந்த மூத்தம்மாவின் பெயரைத் தேடப்போவதில்லையே. உழைப்பு பத்து மடங்கு, கேட்டவர்கள் பாதி. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ஒரு நடத்துநர் அடுத்த வாரம் பேராசிரியருக்கே செய்தி அனுப்பினால், அவரைச் சோம்பேறி என்று நான் சொல்லமாட்டேன்.

பிரபலமான விருந்தினருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தூக்கம் பற்றி நான் கேட்கத் தொடங்கியதே அந்தப் பெயரால்தான். ஒரு சிறிய நிகழ்ச்சிக்கு வருடத்தில் இரண்டு தடவை பெரிய பெயர் ஒன்று வராவிட்டால், மற்றப் பத்து நிகழ்ச்சிகளைக் கேட்க ஆள் இருக்காது. விளக்கமாகப் பேசுவதும் ஒரு திறமைதான், அதை ஆய்வுத் திறமைக்குக் கீழே வைத்துப் பார்க்கிற நம் பல்கலைக்கழகப் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

இந்தச் சுழற்சியிலிருந்து ஓரளவு தப்பியவர்களைப் பார்த்தால், அவர்கள் நல்லெண்ணத்தை மட்டும் நம்பவில்லை என்பது தெரிகிறது. தெரிவு செய்கிற அலகையே மாற்றியிருக்கிறார்கள். மார்ஷல் போ என்ற வரலாற்றாசிரியர் 2007இல் தொடங்கிய முயற்சி இன்று ‘நியூ புக்ஸ் நெட்வேர்க்’ என்று நூற்றுக்கும் அதிகமான பிரிவுகளோடு நடக்கிறது. இஸ்லாமிய ஆய்வுகளுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. அங்கே அடிப்படை விதி புதிய நூல் ஒன்று, அதன் ஆசிரியரோடு ஓர் உரையாடல். ஆள் யார் என்பதல்ல, நூல் என்ன என்பதே கேள்வி. முதல் நூல் எழுதிய விரிவுரையாளருக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. 2011இல் தொடங்கிய ‘ஒட்டோமன் ஹிஸ்டரி பொட்காஸ்ட்’ இன்னோர் உதாரணம். துருக்கி, அரபு வரலாறுகளில் ஆர்வமுள்ள நம் வாசகர்களுக்கு அதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிற மாணவர்கள், சுவடிக்கூடத்திலிருந்து நேரே வந்தது போல, அங்கே வந்து பேசுகிறார்கள்.

1998 முதல் நடக்கும் பிபிசியின் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சி தலைப்பை வைத்துப் போகிறது. ஒரு வாரத்துக்கு ஒரு விடயம், மூன்று அறிஞர்கள். தலைப்பில் அவர்களுடைய பெயர் இருக்காது. அங்கேயும் கிரேக்கத் தத்துவம் என்றால் அஞ்சி ஹொப்ஸ் பலமுறை வந்திருக்கிறார். அமைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பழகிய குரலின் இழுப்பு முற்றாகப் போவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழி 2017இல் பிபிசியின் செய்தி வாசிப்பாளர் ரொஸ் அட்கின்ஸ் தொடங்கியது. தன் நிகழ்ச்சியில் வருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சி முடிந்ததும் எண்ணி எழுதினார்கள், அவ்வளவுதான். தாங்கள் தெரிவு செய்ய முடிந்தவர்களை மட்டுமே எண்ணினார்கள். செய்தியே ஒரு பிரதமரைப் பற்றியதென்றால் அவர் கணக்கில் வரமாட்டார். 39 வீதமாக இருந்தது நான்கு மாதத்தில் பாதிக்கு வந்தது. பிறகு அது பிபிசி முழுவதற்கும், வெளி நிறுவனங்களுக்கும் பரவியது. கட்டளை போடவில்லை, எண்ணினார்கள், அதை மற்றவர்களுக்குக் காட்டினார்கள்.

எங்கள் இளைஞர்கள் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பதிவின் முடிவிலும், மைக்கை நிறுத்திய பிறகு, விருந்தினரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “இந்த விடயம் ஒங்களவிடக் கூடத் தெரிஞ்ச, இதுவரைக்கும் எந்த மேடயிலயும் ஏறாத ஆள் யாரு?” பேராசிரியர்களிடமும் அதே கேள்விதான். அவர்கள் கொஞ்சமும் தயங்காமல் பெயர் சொல்கிறார்கள். தங்களுக்கு விடயம் சொல்லித் தந்தவர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? அந்த மூத்தம்மாவும் இரண்டு பெயர் சொன்னார், இரண்டும் பெண்கள். அதில் ஒருவருக்குக் காது கேட்பது குறைவு, கேள்வியைப் பேப்பரில் பெரிதாக எழுதிக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பெயர்களை ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வருகிறோம். இப்போது அதில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். இணையத்தில் தேடிப் பார்த்தேன், நான்கு பேருடைய பெயர்தான் வந்தது. மற்றவர்களில் மூவருக்கு எண்பது வயதுக்கு மேல். அவர்களிடம்தான் முதலில் போகிறார்கள்.